கிளறக் கூடாது

சொன்ன பொய்யைச் சுட்டுக் காட்டு என்று கட்டினவள் கேட்டுவிட்டால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று நினைத்தபடி இஞ்ஞாசி கொரேரா அடுப்படி மேடைமேல் அந்த டின்னை வைத்தார். எழுபத்து மூன்று வயசு முட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று முனகின. மணி மூன்றே கால், சனிக்கிழமை. திங்கள் காலைக்குள் மெற்றில்டா உருப்படியாக எதையாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள், சின்னப் பெண், தன் மகள் வயசுகூட இருக்காது, சொல்லும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குடலில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். ஒன்பது நாளும் இரண்டு ஸ்பூன் கஞ்சி, அரை டம்ளர் இளநீர், அவ்வளவுதான். மிச்சத்துக்கெல்லாம் ஒரே தீர்ப்பு: மண்ணு மாதிரி இருக்கு. சாளைக் குழம்பு மண், ரசம் மண், பாலில் நனைத்த பன் மண், மகள் மஸ்கட்டிலிருந்து ஆள் மூலம் கொடுத்துவிட்ட பேரீச்சம்பழம் உயர்ந்த ரக மண். இன்று காலையில் தலையணையில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தானாகவே வாயைத் திறந்தாள். "அந்தக் கேப்டன் தின்னுட்டு அழுதானே, பீச்சுப் பழம் போட்டு நீங்க சுட்டது. அதத் தாங்க. அதா இருந்தா திம்பேன்." அவ்வளவுதான். மறுபடி விட்டம். இஞ்ஞாசி அப்படியே நின்றார், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு, மாட்டிக்கொண்ட களவாணியைப் போல. ஏனென்றால் இஞ்ஞாசி அந்தப் பண்டத்தைச் சுட்டதே இல்லை. அதை மட்டுமல்ல, ஆயுசில் எதையுமே சுட்டதில்லை.

டின்மேல் மஞ்சள் பழம் இரண்டாக வெட்டிப் படம் போட்டிருந்தது. பாளையங்கோட்டை ரோட்டில் பெரிய கடையில் மூன்றாம் அடுக்கில், அன்னாசி டின்னுக்குப் பின்னால், தூசி பிடித்து ஒன்றே ஒன்று இருந்தது, எடுத்துத் துடைத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே பழம் வழுக்கி வழுக்கிப் புரண்டது, அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம். கப்பலில் அவருக்கு இருந்த ஒரே வேலை இதுதான். ஊருக்குச் சொன்னது சீஃப் குக். கப்பல் வேலைப் புத்தகத்தில் எழுதியிருந்தது மெஸ்மேன், அதாவது சாப்பாட்டு அறை எடுபிடி. நடந்தது டின் உடைப்பு. பட்டாணி டின், பன்றி டின், பீன்ஸ் டின், பீச்சு டின், காலையிலிருந்து இரவு வரைக்கும் டின், கோவாக்காரர் பாஸ்குவால்தான் குக், அவர் கத்துவார், இவர் உடைப்பார், அடுப்புக்கு ஆறடி தள்ளித்தான் நிற்க வேண்டும், அந்தப் பக்கம் கால் வைத்தால் கரண்டி பறக்கும். டின் என்றால் இஞ்ஞாசிக்குத் தெரியும். தட்டிப் பார்த்தே உள்ளே கெட்டதா நல்லதா சொல்லுவார். அதுவாவது இருக்கிறதே, முதல் படியாவது நம் படி, என்று டின்னைத் தலைகீழாகத் திருப்பினால் மேலே ஒரு வளையம். இழுத்தால் திறந்துகொள்ளுமாம். ஓப்பனரே வேண்டாமாம். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பு வரவில்லை. ஆயுசில் கற்ற ஒரே வித்தை, அதையும் வளையம் போட்டுப் பிடுங்கிவிட்டான்கள். விரலை நுழைத்து இழுத்தார். வளையம் கையோடு வந்துவிட்டது. டின் அப்படியே இருந்தது. "ஆங்," என்றார் இஞ்ஞாசி, பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷமாக.

ஈரத் துணியை நாலாக மடித்து அதன்மேல் டின்னை நிறுத்தினார். நடுவில் குத்தக் கூடாது, நடுவில் குத்துகிறவன் முட்டாள், தகரம் குழிந்து பாகு கண்ணில் அடிக்கும், விளிம்பை ஒட்டி, கத்தியின் அடிமூலையை வைத்து, உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு, பிறகு கத்தி அசையக் கூடாது, டின்தான் சுற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளைக்குத் தலை சீவுகிற மாதிரி. டின் சுற்றியது. தகரம் வாயைப் பிளந்தது. வலது பெருவிரலில் இருக்கிற பழைய தழும்பு தன்பாட்டுக்குச் சுருக்கென்றது. அந்தத் தழும்பு ஏடன் பக்கம் சுறா கடித்தது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பாதிக்கு அது கொள்ளைக்காரன் கத்தி. தகர மூடி என்று தெரிந்தவர் இரண்டே பேர், இவரும் பாஸ்குவாலும், பாஸ்குவால் செத்து இருபது வருஷம். பாகு வாசனை மேலே வந்தது. இனிப்பு, தகரம், அதற்கும் அடியில் எண்ணெய் இன்ஜின் மாதிரி ஏதோ ஒன்று, அது டின்னிலிருந்து வரவில்லை, மண்டைக்குள்ளிருந்து வந்தது. அடுப்படி ஒரு நொடி இடப்பக்கம் சாய்ந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டார். தூக்கம் இல்லாத கண். அவள் மூச்சு விடுகிறாளா என்று ராத்திரி ராத்திரி எழுந்து பார்த்த கண்.

"முட்ட போட்டியளா?" முன்னறையிலிருந்து சத்தம். கட்டிலுக்கும் அடுப்படிக்கும் பன்னிரண்டு எட்டு, ஒன்பது நாளாக எண்ணி நடக்கிறார், சத்தம் வந்து சேர்வதற்குள் பாதியாகத் தேய்ந்து வருகிறது, முந்தியெல்லாம் இந்தக் குரல் தெரு முனையில் மீன்காரியை நிறுத்தும். "எந்தக் கதையில?" என்று கேட்டுவிட்டு இஞ்ஞாசி நாக்கைக் கடித்தார். "எந்தக் கதையிலன்னா? எத்தன கதை இருக்கு?" "இல்ல, எந்தத் தடவைன்னு கேட்டேன், நான் பல தடவ சுட்டிருக்கேன்லா." "புயல் தடவ." புயல் தடவை. கேப் டவுனுக்குத் தெற்கே, அலை பெரிய கோயில் கோபுர உயரம், மாவு மூட்டையெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்துபோய், ஓவன் கதவைக் கயிறு போட்டு இடுப்போடு கட்டிக்கொண்டு இஞ்ஞாசி காப்ளர் என்கிற அந்தப் பீச்சுப் பண்டத்தைச் சுட்டார், கேப்டன் வாட்கின்ஸ் ஒரு வாய் போட்டதும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறடி இரண்டங்குல அமெரிக்கன், குலுங்கிக் குலுங்கி அழுதான், எங்கம்மா கையில சாப்பிட்டது என்றான். அதில் முட்டை உண்டா? மைனி வீட்டுக் கல்யாணத்தில் சொன்னபோது ஆறு முட்டை போட்டார், ஞாபகம் இருக்கிறது, கடைசி ஆறு முட்டை, ஒன்று உருண்டு கடலில் விழப் போனதைத் தாவிப் பிடித்தார். மகளுக்குச் சொன்னபோது கோழியே செத்துப்போயிருந்தது. "முட்ட இல்ல," என்றாள் மெற்றில்டா அங்கிருந்து. "புயல்ல முட்டையெல்லாம் ஒடஞ்சு போச்சுன்னு சொன்னிய. வெண்ணெய உருக்கி அடியில ஊத்தி, அதுக்கு மேல மாவு, அதுக்கு மேல பழம். கிளறக் கூடாது. மறந்துட்டியளா?" மறக்கவில்லை. அவள்தான் மறக்கவில்லை. அதுதான் இப்போது அவரைப் பிடித்துக்கொண்டது, மாவு டப்பாவைத் திறக்கிற கையைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தேழு வருஷம் வாய்க்கு வந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டுவிட்டு அவர் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், ஒருத்தி பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்து வைத்திருக்கிறாள். எந்தத் தடவை எத்தனை முட்டை, எந்தத் தடவை எந்தக் கடல், அலை எவ்வளவு உயரம். அவள் போய்விட்டால், இல்லை, போகவில்லை, அப்படி நினைக்கக் கூடாது, குழாய் வைத்தால் மூக்கில் வைத்த குழாயோடு பேச முடியுமா, பேச முடியும் என்றாள் டாக்டரம்மா, ஆனால் பேச மாட்டாள் மெற்றி, அவளுக்கு ரோஷம், மூக்கில் குழாயோடு யார் முன்னாலும் வாயைத் திறக்க மாட்டாள், அப்புறம் அந்த முட்டைக் கணக்கெல்லாம் யார் தலையில் இருக்கும், இவர் தலையிலா, இவர் தலையில் எதுவுமே நின்றதில்லை, பொய் சொல்கிறவனுக்கு ஞாபகம் வேண்டும் என்பார்கள், அது தனியாக இருக்கிற பொய்யனுக்கு. இஞ்ஞாசிக்கு ஞாபகம் கட்டிலில் கிடக்கிறது, முப்பத்தெட்டு கிலோவில்.

மாவு ஒரு டம்ளர். சீனி ஒரு டம்ளர். பால் ஒரு டம்ளர், காலையில் காய்ச்சியது, ஆடையோடு. அளவு சரியா என்று தெரியாது, எல்லாம் ஒன்று ஒன்று என்று புயல் கதையில் சொன்னதாக அவள் சொன்னாள், அன்றைக்கு வாய்க்குச் சுலபமாக வந்திருக்கும். உப்ப வைக்க என்ன போடுவது? "சண்முகக்கனி!" என்று ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டைக் கூப்பிட்டார். "கேக்குக்குப் போடுத பவுடர் இருக்காம்மா?" "கேக்கா? நீங்களா மாமா?" கீழே பாத்திரச் சத்தம் நின்றது. "அத்தை சொல்லித் தாராங்களா, இல்ல கப்பல்ல படிச்சதா?" "கப்பல்லதான்." "அப்ப தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி வைக்கவா?" பவுடர் இல்லை, ஆப்பசோடா இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே மாமா, பொங்கத்தானே செய்யும், என்று பேப்பரில் மடித்து மாடிப்படி பாதிவரைக்கும் வந்து கொடுத்துவிட்டு, குரலை இறக்கி, "அத்தை ஏதாவது..." என்றாள். இஞ்ஞாசி தலையை ஆட்டினார், ஆமாவா இல்லையா என்று தெரியாதபடி. எல்லாம் ஒன்று ஒன்று என்கிற கணக்கில் சோடாவும் ஒரு ஸ்பூன், குவித்து.

ஓவனுக்குள்ளிருந்து அப்பளக் கட்டு, பழைய மருந்துச் சீட்டு, ஒரு செபமாலை, மூன்று மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் எடுத்து மேடையில் வைத்தார். மகள் ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்தது, எங்கப்பா கப்பல் குக், ஓவன் இல்லாம எப்படி இருப்பார் என்று புருஷனிடம் சண்டை போட்டு வாங்கினாளாம். பொய்க்குக் கிடைத்த பரிசு, அப்பளம் வைக்க நன்றாக உதவியது. குமிழைத் திருப்பினால் நூற்றி எண்பது என்று வந்தது, அங்கேயே நிறுத்தினார், சரியாக இருக்கும் போல. வெண்ணெய் உருகித் தட்டின் அடியில் மஞ்சளாக ஓடியது. அதன்மேல் மாவை ஊற்றினார், வெள்ளை நடுவில் பரவ வெண்ணெய் ஓரத்துக்கு ஒதுங்கியது, அதன்மேல் பழத் துண்டுகள், வழுக்கி வழுக்கி, ஒவ்வொன்றும் பொதக்கென்று அமிழ்ந்து நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. வெண்ணெய் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், யாரும் யாரோடும் பேசாத கல்யாணப் பந்தி மாதிரி. கை தானாகக் கரண்டியை எடுத்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். "கிளறாதிய," என்றாள் மெற்றில்டா. பன்னிரண்டு எட்டு தூரத்திலிருந்து, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து, எப்படித் தெரிந்தது அவளுக்கு? கரண்டியைக் கீழே வைத்தார். அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை. கிளறாதே, கிளறினால் கொன்றுபோடுவேன் என்று பாஸ்குவால் கத்தினது நிஜம், மாவு தானாக மேலே வரும்டா, பழம் தானாகக் கீழே போகும், உன் கையை வைத்தால் களி. அத்தனை புளுகு நடுவிலும் அந்த ஒரு வார்த்தை எப்படியோ கரையாமல் கிடந்திருக்கிறது. தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, டிக் டிக் டிக் என்று ஓடுகிற குமிழை நாற்பத்தைந்தில் வைத்துவிட்டு, அரிசி டிரம்மேல் உட்கார்ந்தார்.

டிக் டிக் டிக். கண்ணாடிக்குள் சிவப்புக் கம்பி. கண் இழுத்துக்கொண்டு போனது. காப்ளர். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூட இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் படித்திருந்தார், செருப்புத் தைக்கிறவர், பக்கத்தில் ஊசியோடு படம். கப்பலில் இரண்டாம் வாரம் கேப்டன் அறையிலிருந்து ஃபோன் வந்தது, பாஸ்குவால் வைத்துவிட்டு, இன்றைக்குக் காப்ளர் என்றார், நடுக்கடலில் எங்கேயிருந்து வருவார் காப்ளர் என்று யோசித்து, நல்ல பெயர் வாங்கலாம் என்று, மேலே ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே கிடந்த கேப்டனின் ஷூ இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே பிய்ந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, பிய்யவே இல்லை, அதையும் போய்ச் சொன்னார். பாஸ்குவால் சிரித்ததில் மூன்று நாள் கப்பல் முழுக்க அவருக்கு ஷூ என்றே பெயர். எவ்வளவு நல்ல கதை. ஊரையே சிரிக்க வைக்கலாம். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. திமிங்கிலம் வாசனை பிடித்து மூன்று நாள் கப்பல் கூடவே வந்ததைச் சொன்னார், கேப்டன் அழுததைச் சொன்னார், ஷூவைச் சொல்லவில்லை. நிஜமாக நடந்ததில் எப்போதும் அவர்தான் கீழே நின்றார், அதனால் இருக்கும். கேப்டன் அழவில்லை. கேப்டன் சாப்பிடும்போது அவர் அந்தப் பக்கம்கூடப் போனதில்லை. காப்ளர் தட்டு திரும்பி வந்தது, வழித்து எடுத்த தட்டு, ஒரு மூலையில் மட்டும் கருகினது ஒட்டிக்கொண்டிருந்தது, இதைக் கழுவு என்று பாஸ்குவால் தள்ளிவிட்டுப் போனார். கழுவப் போன கை நின்றது. மெஸ்மேனுக்குச் சோறு எல்லாருக்கும் கடைசியில், எல்லாம் ஆறி, நெய் வெள்ளையாக உறைந்து. கல்யாணமாகி மூன்றாம் வாரம் கப்பல் ஏறி, அன்றைக்குப் பதினோராம் நாள். பதினோரு நாளாகச் சூடாக ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. தொட்டால் தட்டு சுட்டது. அந்தக் கருகலைக் கத்தியால் சுரண்டி வாயில் போட்டார். நாக்கு சுட்டது, கசந்தது, அப்புறம் இனித்தது, அந்தச் சூடு நெஞ்சுவழியாக இறங்குவது தெரிந்தது, அப்போது தட்டைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்று அழுதது ஆறடி இரண்டங்குலம் இல்லை. ஐந்தடி நாலு. பதினாலு மாசம் கழித்து ஊருக்கு வந்து மெற்றியிடம் சொல்ல வாயெடுத்தபோது, சாப்பாட்டுக்கு அழுதேன் என்று புதுப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது, கண்ணீரைத் தூக்கிக் கேப்டன் முகத்தில் வைத்தார். அங்கே நன்றாகத்தான் இருந்தது. நாற்பத்தேழு வருஷமும் அங்கேயே இருந்தது. டிக் டிக். திங்கட்கிழமை. டிக். குழாயை எவ்வளவு தூரம் உள்ளே விடுவார்கள், தொண்டை வரைக்குமா, வயிறு வரைக்குமா, வலிக்காது என்றாள் டாக்டரம்மா, வலிக்காது என்று சொல்லும்போது பொய் சொல்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று இஞ்ஞாசிக்குத் தெரியும், செல்போனைப் பார்த்தாள். இதையும் மண் என்றுவிட்டால்? இத்தனை வருஷம் அவள் மனசில் சூடாக இருந்த ஒன்றையும் எடுத்து மண்ணாக்கிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவளிடம் கேட்க என்ன மிச்சம் இருக்கும்? டிக் டிக் டிக்.

"மாமா! கருகுத வாசம்!" சண்முகக்கனி கீழேயிருந்து கத்தினாள். இஞ்ஞாசி டிரம்மிலிருந்து எழுந்த வேகத்தில் முழங்கால் மேடையில் இடித்தது. குமிழில் இன்னும் எட்டு இருந்தது, ஆனால் உள்ளே ஓரமெல்லாம் காப்பி நிறம், ஒரு மூலை நல்ல கறுப்பு. பழைய துவாலையால் பிடித்து வெளியே இழுத்தார். மாவு மேலே வந்திருந்தது. நிஜமாகவே மேலே வந்திருந்தது. பழமெல்லாம் கீழே போய், அங்கங்கே மஞ்சள் முதுகு மட்டும் தெரிய, ஓரத்தில் பாகு குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. யாரும் கிளறாமல் தானாக. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சொன்ன பொய் ஒன்று எழுந்து நின்று தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தட்டையும் துவாலையோடு தூக்கிக்கொண்டு, பன்னிரண்டு எட்டு. மெற்றில்டா தலையணையில் நிமிர்ந்து சாய்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள், இவர் கவனிக்காத நேரத்தில் தானே வாரியிருக்கிறாள், அதைப் பார்த்ததும் இவருக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. "இதானா?" என்றாள். "இதான்." "கேப்டன் தின்னது?" "அதேதான். கொஞ்சம்கூட மாத்தல." ஸ்பூனை அவளே வாங்கினாள். ஒரு வாய் போட்டாள். மென்றாள். இஞ்ஞாசி அவள் தொண்டையைப் பார்த்தார், இறங்குகிறதா, இறங்கியது. "நல்லா இருக்கு," என்றாள்.

இஞ்ஞாசிக்குத் திக்கென்றது. நாற்பத்தேழு வருஷத்தில் எதையும் நல்லா இருக்கு என்று சொன்னவள் இல்லை மெற்றில்டா. கல்யாணச் சேலையைப் பார்த்துப் பரவாயில்லை என்றவள். சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சென்ட்டை முகர்ந்து எலிமருந்து என்றவள். பொய் என்றால் அவருக்குத் தெரியாதா, அதுதானே அவர் தொழில், கண் கிண்ணத்தில் இருந்தது, குரல் ஒரு பிடி கூடுதலாக மெதுவாக இருந்தது. கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறாரே என்று சொல்கிறாள். இரக்கப்படுகிறாள். மெற்றி இரக்கப்பட ஆரம்பித்தால் அப்புறம் ஒன்றும் பாக்கியில்லை, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள் என்று அர்த்தம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் இரண்டாவது ஸ்பூன் எடுத்தாள். இது பெரிய ஸ்பூன், நடுப்பகுதி, மாவு திரண்ட இடம். வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது. முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது, மூக்கு நுனி சுருங்கியது, ஒரு கண் மூடிக்கொண்டது, மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"ஏ மெற்றி? என்ன? வலிக்கா?"

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். விழுங்கினாள். இளநீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"இப்பத் தெரியுது," என்றாள், "அந்தக் கேப்டன் எதுக்கு அழுதாம்னு."

இஞ்ஞாசி இளநீர் டம்ளரை வாங்கி வைத்தார்.

"எத்தன கிலோ சோடா போட்டிய? கசக்கு. சோப்பத் தின்ன மாதிரி இருக்கு. அம்மைய நெனச்சு அழுதானாம்லா, அம்மைய! பாவி மட்ட, தாங்க முடியாம அழுதிருக்கான்."

"கசக்கா?"

"பின்ன? குனைன் மாத்திரை கெட்டுது போங்க."

"மண்ணு மாதிரி இல்ல?"

அவள் யோசித்தாள். நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். "இல்ல," என்றாள் மெதுவாக, தனக்கே ஆச்சரியமாக. "மண்ணு இல்ல. பழம் புளிப்பா இருக்கு. அடியில இனிப்பா இருக்கு. மாவுதான் நாசம்." ஸ்பூனால் மாவை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பழத்தைத் தேடி எடுத்தாள். இஞ்ஞாசி எண்ணினார், ஒரு துண்டு, இரண்டு, மூன்றாவதைப் பாதியாக வெட்டினாள், அந்தப் பாதியும் போயிற்று. உடம்பு முழுக்க ஒரேயடியாக அசதி இறங்கியது, ஒன்பது நாள் அசதியும் முழங்காலில் வந்து உட்கார்ந்த மாதிரி, இப்படியே ஸ்டூலோடு தூங்கிவிடலாம் போலிருந்தது. சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் என்ன. "மெற்றி," என்றார். "அந்தக் கேப்டன் இருக்காம்லா. நிஜத்துல அன்னைக்கு அழுதது..."

"கேப்டன் கெடக்கான்," என்றாள் அவள், வாயில் பழத்தோடு. "திமிங்கிலம் எந்தப் பக்கமா வந்துச்சு? அதச் சொல்லுங்க. போன தடவ எடப்பக்கம்னிய, அதுக்கு முந்தி பின்னால வந்துச்சுன்னிய."

இஞ்ஞாசி அவளைப் பார்த்தார். தொட்டியும் தட்டும் ஐந்தடி நாலும் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. கிளறவில்லை.

"ரெண்டு திமிங்கிலம்லா," என்றார். "ஒண்ணு எடப்பக்கம். ஒண்ணு பின்னால. புருஷனும் பொண்டாட்டியும்."

"அப்படிச் சொல்லுங்க," என்று மெற்றில்டா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை எட்டிப் பார்த்தாள். "அந்த மூலையில கறுப்பா இருக்கே, அத எடுங்க. முறுமுறுன்னு இருக்கும் போல."

"அது கருகினது மெற்றி."

"எடுங்கங்கேன்."

கத்தியால் சுரண்டினார். தட்டு இன்னும் சுட்டது. ஸ்பூனில் எடுத்து, பெண் திமிங்கிலத்துக்கு வாசனை முதலில் பட்டது என்று சொல்லிக்கொண்டே, வாய்க்கு நேரே கொண்டுவந்து ஊதப் போனார்.

"ஊதாதிய," என்றாள் அவள். "சூடாவே குடுங்க."